ஒரே மோதல், இரண்டு கணக்கு

1987ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில், இராமேசுவரத்திலிருந்து சுமார் 20 படகுகள் உணவுப் பொருட்களையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் சென்ற நிவாரணப் படகுகள் அவை. இந்தியக் கடலோரக் காவல் படையின் விக்ரம் கப்பல் துணைக்குச் சென்றது. கச்சத்தீவை ஒட்டிய கடலில் இலங்கைக் கடற்படை வழிமறித்து நின்றது, பேச்சு நடந்தது, படகுகள் சரக்கோடு திரும்பிவிட்டன. ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. ஜூன் 4 அன்று இந்திய விமானப் படையின் ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு சென்று, யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 டன் பொருட்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. அந்த நடவடிக்கைக்கு 'பூமாலை' என்று பெயரிட்டிருந்தார்கள். ஜூலை 29 அன்று இரு நாட்டுத் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியின் பின்கட்டையால் தாக்கியவர், இலங்கைக் கடற்படையைச் சேர்ந்த ஒரு வீரர்.

அப்போது நான் பள்ளி மாணவன். படகுகள் புறப்பட்டதும் திரும்பி வந்ததும் எங்கள் கரையில் வெகுநாள் பேச்சாக இருந்தன. இங்கே பெரியவர்கள் அதைப் பசித்தவனுக்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிவிட்ட கதையாகத்தான் சொல்வார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு இலங்கையில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்தபோது, அதே நிகழ்ச்சி ஒரு சின்ன நாட்டின் கடற்படை பெரிய அண்டை நாட்டின் நுழைவைத் துணிந்து தடுத்ததாகவும், அதற்குப் பழிவாங்குவதுபோல வான்வழியே எல்லை மீறப்பட்டதாகவும் பதிவாகியிருந்தது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் ஒரே இடத்தில் வைத்து, நடந்தது இதுதான் என்று இரு அரசுகளும் சேர்ந்து எழுதிய ஆவணம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

கடல் மோதல்கள் விட்டுச்செல்லும் அவநம்பிக்கையைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான். எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை கப்பல்கள் மூழ்கின என்பதைக் காட்டிலும், அந்த மோதலுக்கு இரு கரைகளும் ஒப்புக்கொண்ட ஒரே கணக்கு பின்னால் எழுதப்பட்டதா என்பதே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் பகையைத் தீர்மானிக்கிறது. நிலத்தில் நடக்கும் சண்டைக்குச் சாட்சிகள் இருப்பார்கள். எரிந்த வீடும் புதைகுழியும் இருக்கும். வரப்புத் தகராறு என்றால்கூடச் சர்வேயரை அழைத்துக் கல்லைத் தேடிப் பார்க்கலாம். கடலில் கல் ஊன்ற முடியாது. கப்பல் மூழ்கினால் சாட்சியமும் அதோடு மூழ்கிவிடும். பிழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தார் மட்டுமே. எனவே ஒவ்வோர் அரசும் தனக்கு வேண்டிய கணக்கைத் தானே எழுதிக்கொள்ள, நிலத்தைவிடக் கடல் அதிகமாக இடம் தருகிறது.

இது இந்த நூற்றாண்டில் தொடங்கிய வழக்கமும் அன்று. பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள குந்துகாலை, 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடமாக இன்று எல்லோரும் அறிவார்கள். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வேறொரு வரவு அந்தக் கரையில் நிகழ்ந்திருக்கிறது. பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பாண்டிய நாட்டின் வாரிசுரிமைப் போரில் ஒரு தரப்புக்கு உதவுவதாகச் சொல்லி, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்காபுரன் என்ற தண்டநாயகனை, அதாவது படைத்தலைவனை, கப்பல் படையோடு அனுப்பினார். அந்தப் படை இராமேசுவரத்தைக் கைப்பற்றியதாகவும், குந்துகாலில் அரசனின் பெயரால் பராக்கிரமபுரம் என்ற கோட்டையைக் கட்டியதாகவும், பாண்டிய நாட்டுக்குள் ஊர் ஊராக வென்று சென்றதாகவும், சிறைபிடித்துக் கொண்டுபோன தமிழர்களைக் கொண்டு, முன்பு தமிழர்களால் சிதைந்த பெரிய தாதுகோபத்தை, அதாவது பௌத்தத் தூபியை, செப்பனிட வைத்ததாகவும், வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயம் என்ற பெயரில் ஒரு ஊரைத் தானமளித்ததாகவும் இலங்கையின் பாலி மொழி வரலாறான சூளவம்சம் விரித்துரைக்கிறது. அந்த நூலை மட்டும் படிப்பவருக்குப் போர் வெற்றியில்தான் முடிந்தது.

இக்கரையின் கல்வெட்டுகளைப் படிப்பவருக்கு வேறு முடிவு கிடைக்கும். இரண்டாம் இராசாதிராச சோழனின் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, சோழர் தரப்புத் தலைவரான பல்லவராயர் ஈழப் படையை முறியடித்து, இலங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாசலில் தைப்பித்ததாகச் சொல்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னும் சுவையானது. ஈழப் படை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் சைவத் துறவி ஒருவர் 28 நாள் வழிபாடு நடத்தியதையும், அதன் பயனாகப் பகைவர் தோற்றோடியதாகச் செய்தி வந்ததையும், அதற்கு நன்றியாக ஊர் கொடுக்கப்பட்டதையும் அது பதிந்துவைத்திருக்கிறது. தென்கோடியில் இறங்கிய ஒரு படையின் அச்சம் தொண்டைமண்டலம் வரை எட்டியிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இதற்கு அடுத்து நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியமானது. அக்கரையில் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் மறுபடியும் கப்பல்கள் கட்டப்படுகின்றன, படை திரட்டப்படுகிறது என்ற செய்தி சோழனுக்குக் கிடைக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அந்தக் கப்பல்கள் எதற்காக என்று கேட்டுக்கொண்டிருக்கச் சோழன் தயாராக இல்லை. இலங்கை அரச குடும்பத்தைச் சேர்ந்து, சோழ நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்த சீவல்லபன் என்ற இளவரசனுக்குப் படை கொடுத்து அனுப்பி, அந்த இடங்களை அழித்து யானைகளைக் கவர்ந்து வரச் செய்ததைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு கூறுகிறது. முன்பு ஒரு முறை கடல் வழியே அடி வாங்கியவன், அக்கரையில் மரம் அறுக்கும் ஓசை கேட்டாலே போர் என்று எடுத்துக்கொள்கிறான். ஒரு நாடு தன் பாதுகாப்புக்காகச் செய்யும் ஏற்பாடு அண்டை நாட்டுக்கு அச்சுறுத்தலாகத் தெரிவதையும், அந்த அச்சமே அடுத்த மோதலை உண்டாக்குவதையும் இன்று பல்கலைக்கழகங்களில் கோட்பாடாகக் கற்பிக்கிறார்கள். நம் கல்வெட்டுக்காரர்கள் அதைக் கோட்பாடு என்று அறியாமலேயே செதுக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து 1971க்கு வருவோம். அந்த டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினம் துறைமுக வாயிலுக்கு அருகே பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கிக் கப்பல் 90க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. இந்திய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த்தைத் தேடி வந்த கப்பல் அது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் பாதுகாப்பாக இருந்தது. ராஜ்புத் கப்பல் வீசிய ஆழ்கடல் குண்டுகளால்தான் காசி அழிந்தது என்பது இந்தியக் கடற்படையின் கணக்கு. கப்பலுக்குள் நேர்ந்த வெடிப்பாலோ, தான் விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியாலோ விபத்தில் மூழ்கியது என்பது பாகிஸ்தானின் கணக்கு. கப்பலின் உடல் இன்றும் அங்கேயே, கரைக்கு அருகில், அதிக ஆழமில்லாத நீரில் கிடக்கிறது. இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து இறங்கி ஆராய்ந்தால் தீரக்கூடிய கேள்வி அது. ஆனால் தீர்ப்பதில் இரு தரப்புக்கும் ஆர்வம் இல்லை என்பதே என் ஐயம். ஏனென்றால் இப்போது இரண்டு கரைகளுக்கும் தத்தமக்கு உவப்பான கதை கையில் இருக்கிறது.

இந்தக் கதைகளை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள நாட்காட்டியும் இருக்கிறது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் ஏழு கப்பல்கள் துவாரகையின் மீது குண்டு வீசின. பெரிய சேதம் இல்லை என்பது நம் கணக்கு. இராடார் நிலையம் அழிந்தது என்பது அவர்கள் கணக்கு. அதன் நினைவாகப் பாகிஸ்தான் செப்டம்பர் 8ஐக் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறது. 1971 டிசம்பர் 4 இரவில் இந்தியாவின் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிக் கைபர் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. நாம் டிசம்பர் 4ஐக் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்கு ஐந்து நாள் கழித்து டையூ கடலில் ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் நம் குக்ரி போர்க்கப்பலைத் தாக்கியதில், அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். அவர்கள் டிசம்பர் 9ஐ ஹங்கோர் நாளாக நினைவுகூர்கிறார்கள். சீனாவிடமிருந்து வாங்கும் எட்டுப் புதிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் ஹங்கோர் வகுப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; நாமும் குக்ரியின் பெயரை அடுத்த தலைமுறைக் கப்பலுக்குச் சூட்டினோம், அந்தக் கப்பல் ஓய்வுபெற்றபின் டையூவுக்கே கொடுத்தோம். இறந்தவர்களை நினைப்பதைக் குறைசொல்ல மாட்டேன்; முல்லாவின் நினைவிடத்தில் தலைவணங்காதவர் யாராக இருக்க முடியும்? ஆனால் இரண்டு நாடுகளும் தங்கள் கடற்படை நாளாகத் தேர்ந்தெடுத்தது மற்றவரின் ஊரைத் தாக்கிய நாளை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இருபது வயதில் படையில் சேரும் ஓர் இளைஞன் அண்டை நாட்டைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது அந்த நாளைத்தான்.

சுடாத கப்பலும் இதே வேலையைச் செய்யும் என்பதற்கு அதே டிசம்பரில் வங்கக் கடலுக்குள் வந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸ் எடுத்துக்காட்டு. அது யாரையும் தாக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவைப் பற்றிய ஐயம் தில்லியில் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்ததற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம். கச்சத்தீவுக் கடலிலிருந்து திரும்பிய சோற்றுப் படகுகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

அவநம்பிக்கை கொடியையும் விழாவையும் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அது அரசுகளின் கவலை என்று நாங்கள் இருந்துவிடலாம். அது காவல் நிற்பவனின் கண்ணுக்குள் இறங்கும்போது விலை கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். இதைப் புரிந்துகொள்ள உதவும் நிகழ்ச்சி, நம் கடலிலிருந்து வெகு தொலைவில், 1904 அக்டோபர் 21 இரவில், இங்கிலாந்துக்குக் கிழக்கே வடகடலில் நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியரின் டார்பிடோப் படகுகள், போர் அறிவிப்பு இல்லாமலே இரவில் வந்து, போர்ட் ஆர்தரில் நின்ற ரஷ்யக் கப்பல்களைத் தாக்கியிருந்தன. அதற்குப் பதிலடி கொடுக்க அட்மிரல் ரோசெஸ்த்வென்ஸ்கியின் தலைமையில் பால்டிக் கடலிலிருந்து ரஷ்யப் பெரும்படை புறப்பட்டது. ஜப்பான் உலகின் மறுகோடியில் இருந்தது. ஆனாலும் வழியெங்கும் ஜப்பானிய டார்பிடோப் படகுகள் பதுங்கியிருக்கின்றன என்ற வதந்தி அந்தக் கப்பல்களில் பரவியிருந்தது. டாகர் மேட்டுப் பகுதியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஹல் நகரத்து மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைக் கண்டதும் பீரங்கிகள் முழங்கின. கிரேன் என்ற படகு மூழ்கியது, மீனவர் இருவர் அங்கேயே இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். கலவரத்தில் ரஷ்யக் கப்பல்கள் தங்களையே சுட்டுக்கொண்டன. அரோரா என்ற கப்பலில் இருந்த பாதிரியார் அதில் உயிரிழந்தார்.

அந்தப் பீரங்கியை இயக்கியவன் பொய்யன் அல்லன், கொடியவனும் அல்லன் என்றே நினைக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வேறொரு கடலில் தன் கடற்படை வாங்கிய அடியைத்தான் அவன் அந்த இரவில் கண்டான். சிறிய படகு, இரவு, மங்கிய விளக்கு என்ற மூன்றும் சேர்ந்தாலே பகைவன் என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூளும் நிலை வந்தது. பிரிட்டன் ஜப்பானின் கூட்டாளி. ரஷ்யாவோடு அதற்கு ஆசியா முழுவதும் பழம்பகை. ஆனால் போருக்குப் பதிலாக, 1899 ஹேக் உடன்படிக்கையின் வழியில், பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகிய ஐந்து நாடுகளின் கடற்படைத் தளபதிகள் பாரிசில் கூடி விசாரித்தார்கள். அங்கே டார்பிடோப் படகு எதுவும் இருக்கவில்லை என்று 1905 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதே சமயம் ரஷ்யத் தளபதியின் மானத்தைக் குலைக்கும் சொற்களையும் அவர்கள் தவிர்த்தார்கள். ரஷ்யா 66,000 பவுன் இழப்பீடு கொடுத்தது. ஹல் நகரத்தில் இறந்த மீனவருக்குச் சிலை வைத்தார்கள். 1907இல் அந்த இரண்டு பேரரசுகளும் தங்களுக்குள் ஒப்பந்தமே செய்துகொண்டன. விசாரணைதான் நட்பைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை; ஜெர்மனியைப் பற்றிய அச்சம் அதில் பெரும்பங்கு வகித்தது. ஆனால் டாகர் மேட்டின் கணக்கு ஒன்றாக இருந்ததால், பின்னால் யாரும் அதை எடுத்துப் பகைக்கு உரமாகப் போட முடியவில்லை.

இந்த வெளிச்சத்தில் பாக் நீரிணையைப் பார்க்கிறேன். இந்தியக் கடற்படையும் இலங்கைக் கடற்படையும் தங்களுக்குள் ஒரு நாளும் கடற்போர் நடத்தியதில்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோட்டை இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் தங்கச்சிமடத்து விசைப்படகைப் பார்க்கும் ரோந்துக் கப்பலின் கண்ணில் எந்த மோதல் தெரிகிறது? அது கடற்புலிகளோடு கால் நூற்றாண்டு நடந்த மோதல். 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட்டன. அன்றைய அமைதிப் பேச்சும் அதோடு முடிந்தது. 1992இல் கடற்படைத் தளபதியே கொழும்பு வீதியில் கொல்லப்பட்டார். அந்தக் கடற்படை கற்ற போர்முறை எல்லாம், மீனவர் படகு போலவே தோன்றும் சிறிய படகுகளிடம் அடி வாங்கி, பிறகு அதே போன்ற சிறிய படகுகளைக் கூட்டமாக இறக்கி வென்று கற்றது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் எட்டு மாதத்துக்கு முன் பட்ட அடியே வடகடலில் அப்படிச் சுட வைத்தது என்றால், இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் ஒரு கடற்படையின் பயிற்சி நூல்களிலிருந்து அவ்வளவு எளிதில் மறையாது.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் இரவில் தொழிலுக்குப் போகவும் வேகமான இயந்திரம் வைத்துக்கொள்ளவும் தடை இருந்தது. அவர்கள் கரையில் கட்டுண்டு கிடந்த ஆண்டுகளில் கடலடியை வாரி இழுக்கும் வலை கொண்ட நம் இழுவைமடிப் படகுகள் அந்தக் கடலில் பழகிவிட்டன. போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது கண்டது, தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் நம் படகுகளை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தபோது அதை அங்கே வரவேற்றவர்களும் தமிழ் மீனவர்களே. எங்கள் ஊர்க் கூட்டங்களில் இதைப் பேசினால் முகம் சுளிக்கிறார்கள். சுளித்தாலும் உண்மை அதுதான்.

நம் கடற்கரையிலும் அதே கண் உருவாகியிருக்கிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத் மீன்பிடிப் படகான குபேரைக் கடத்தி, அதில்தான் வந்தார்கள். அதன்பின் மீனவருக்கெல்லாம் விரல்ரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. படகுகளுக்கு மாநில வாரியாக நிறம் வந்தது. கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின. 2009 மார்ச்சில் உச்சிப்புளியின் கடற்படை விமான தளம் ஐஎன்எஸ் பருந்து என்ற பெயரோடு விரிவடைந்தது. இவை தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணையில், நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை என்ற ஐயத்தில் இந்தியக் கடற்படையே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் காயமடைந்தார். டாகர் மேட்டுச் சம்பவத்துக்குச் சரியாக 118 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தேதியில். தேதி ஒத்துப்போனது தற்செயல். மற்றது தற்செயல் அன்று.

மேற்கே குஜராத் கரையில் நிலைமை இதைவிடக் கடினம். சர் கிரீக் கழிமுகத்தில் எல்லையே வரையப்படாமல் கிடக்கிறது. 1999 ஆகஸ்டில் அதன் அருகே பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதில் 16 பேர் இறந்தார்கள்; எந்தப் பக்கத்து வானில் அது பறந்தது என்பதில் இன்றும் இரண்டு கணக்குகள். பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் பாகிஸ்தான் கொண்டுபோன வழக்கை, தனக்கு அதிகாரவரம்பு இல்லை என்று 2000இல் அந்த நீதிமன்றம் திருப்பிவிட்டதால், விசாரிக்கும் வாய்ப்பும் போனது. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்றும் ஜூலை 1 அன்றும் இரு நாடுகளும் சிறையில் உள்ள மீனவர்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன. கைதானவர் பெயர்களில் மட்டும் இருவருக்கும் ஒரே கணக்கு. கொரியாவிலும் இப்படித்தான்: 1953இல் ஐ.நா. படைத்தலைமை தானாக வரைந்த கடல் கோட்டை வடகொரியா ஏற்கவில்லை; நண்டுப் பருவமான ஜூனில் படகுகள் கோட்டருகே கூடும்போது 1999இலும் 2002இலும் யோன்பியோங் தீவருகே போர்க்கப்பல்கள் மோதின. நண்டு வலை போடும் நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

மோதியும் பகை நிற்காமல் போன கதையும் உண்டு. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958இல் 12 கடல் மைலாகவும், 1972இல் 50 ஆகவும், 1975இல் 200 ஆகவும் நீட்டியது. பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் விலக மறுத்தன. ஐஸ்லாந்தின் காவல் கப்பல்கள் இழுவை வடத்தை அறுக்கும் கொக்கியோடு வந்தன, பிரிட்டனின் போர்க்கப்பல்கள் அவற்றை முட்டின, 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து தூதரக உறவையே முறித்தது. ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது: ஒரே நேரத்தில் 24 பிரிட்டிஷ் படகுகளுக்கு மேல் கூடாது, அதுவும் ஆறு மாதங்களுக்கு மட்டும். அதனால் தொழிலிழந்த ஊர்களில் ஒன்று அதே ஹல். அங்கே கசப்பு இருந்தது. ஆனால் இரண்டு நாடுகளுக்கிடையே பகை தங்கவில்லை. இருவரும் ஒரே இராணுவக் கூட்டணியில் இருந்தார்கள், யாரும் மற்றவரைக் கொல்ல வேண்டும் என்று சுடவில்லை என்பவை காரணங்கள். மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பேன்: யார் வென்றார்கள், எல்லை எங்கே என்பதில் இருவருக்கும் ஒரே கணக்கு.

விதிகளை மட்டும் எழுதிவைத்தால் போதுமா என்றால், போதாது. 1991 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பன்னாட்டுக் கடலில் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் மூன்று கடல் மைலுக்குள் நெருங்கக் கூடாது. 2011 ஜூனில் ஏடன் வளைகுடாவில், சோமாலியக் கொள்ளையரிடமிருந்து மீண்ட சூயஸ் என்ற சரக்குக் கப்பலுக்கு இருவரும் உதவப் போன இடத்தில், பாபர் கப்பலும் கோதாவரி கப்பலும் உரசிக்கொண்டன. இரண்டு அரசுகளும் அதே 1991 உடன்பாட்டை எடுத்துக்காட்டி, மீறியது நீதான் என்று ஒன்றையொன்று கண்டித்தன. நல்ல விதிதான், ஆனால் மீறப்பட்டதா என்று சேர்ந்து விசாரிக்கும் ஏற்பாடு இல்லாத விதி, குற்றம்சாட்டப் பயன்படும் இன்னொரு தாளாகிவிட்டது.

எங்கள் வேதாளைக் கரையிலும் ஒரு பெரிய கடற்போர் நடந்திருக்கிறது. 1538இல் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மரக்கார் படையைப் போர்த்துகீசியர் அங்கே தோற்கடித்தார்கள். முத்துக்குளித்துறை முழுவதும் அவர்கள் பிடிக்குள் போனதற்கு அது ஒரு திருப்புமுனை. இன்று அந்த ஊரில் அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அந்தப் போரின் கணக்கை ஆண்டுதோறும் வாசிக்க அரசு எதுவும் மிஞ்சவில்லை என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாக் நீரிணையில் அரசுகள் இருக்கின்றன, கணக்குகளும் இரண்டாகவே இருக்கின்றன. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார்; இலங்கைக் கடற்படை தான் சுடவில்லை என்றது. 2024 ஜூன் 25 அன்று தமிழ்நாட்டுப் படகைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் 1 அன்று கச்சத்தீவு அருகே இலங்கை ரோந்துக் கப்பலும் இராமேசுவரம் படகும் மோதியதில் நம் மீனவர் ஒருவர் இறந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கதைகள். இனிமேல் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விசைப்படகுகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தப்படுகின்றன. ரோந்துக் கப்பல்களில் இராடார் பதிவும் வயர்லெஸ் பதிவும் இருக்கும். கடலும் இப்போது சாட்சி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. சாட்சியத்தை இரண்டு தலைநகரங்களும் தனித்தனியே பூட்டிவைத்திருக்கின்றன.

2014இல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் இருநாட்டு மீனவர்கள் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். 2016 நவம்பரில் மீன்வளத்துக்கான கூட்டுப் பணிக்குழு ஒன்றை இரு அரசுகளும் அமைத்தன. அந்தக் குழுவின் பொருள்நிரலில் கைதும் விடுதலையும் படகு மீட்பும் இருக்கட்டும். அவற்றோடு கடலில் உயிர் போன நிகழ்ச்சிகளை விசாரிக்க, இரு நாட்டு அதிகாரிகளும் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் மூன்றாம் நாட்டு மாலுமி ஒருவரும் கொண்ட சிறிய குழு வேண்டும். பாரிசில் ஐந்து தளபதிகள் உட்கார்ந்ததைவிட இது பெரிய ஏற்பாடு அன்று. அந்தக் குழு முதலில் வாங்கிப் பார்க்க வேண்டியவை 2024 ஜூன் 25, ஆகஸ்ட் 1 ஆகிய இரண்டு நாட்களின் பதிவுகள். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றில் இறந்தவர் அவர்கள் ஆள், மற்றதில் இறந்தவர் நம் ஆள் என்பதால், எந்தக் கரையும் தனக்கு மட்டும் நீதி கேட்டதாக இருக்காது.